சுடலாம், சோளம் கொட்டக் கூடாது!

வாசகர் கேள்விகளுக்குச் சென்னையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வனச்சரகர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஐயா, என் மகன் அமெரிக்காவில் அலபாமா மாநிலம் ஹண்ட்ஸ்வில்லில் வேலை பார்க்கிறான். அவன் பக்கத்து வீட்டுக்காரர் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போயிருக்கிறார். லைசென்ஸ் இருக்கிறது, சீசனும்தான். ஆனால் அந்த இடத்தில் மக்காச்சோளம் கொட்டியிருந்தது என்று சொல்லி வன அதிகாரி வழக்குப் போட்டுவிட்டாராம். சுட்டுக் கொல்ல அனுமதி தருகிறவர்கள் நாலு பிடி சோளத்துக்கா வழக்குப் போடுவார்கள்? இது என்ன நியாயம்?
– வாசகி, நங்கநல்லூர்

கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும் அம்மா. முதலில் அங்கே வான்கோழி வேட்டை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

அலபாமாவில் வசந்த காலத்தில் சில வாரங்கள் மட்டும்தான் சீசன். சேவலை மட்டுமே சுடலாம். விடிவதற்கு முன்பே வேட்டைக்காரர் இலைதழை அச்சடித்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். பிறகு பெட்டைக் கோழி மாதிரி குரல் கொடுப்பார். மரப்பெட்டியின் மூடியை உரசுவது, ஸ்லேட்டில் குச்சியைத் தேய்ப்பது, வாய்க்குள் மெல்லிய ரப்பர் தகட்டை வைத்து ஊதுவது என்று இதற்காகவே கருவிகள் விற்கிறார்கள். தூரத்திலிருந்து சேவல் பதில் கொடுக்கும். வந்தாலும் வரும், பாதி வழியில் சந்தேகப்பட்டுத் திரும்பியும் போய்விடும். அதற்குப் பார்வை அவ்வளவு கூர்மை. ஒரு விரல் அசைந்தால் போதும், ஆள் இருப்பதைக் கண்டுபிடித்துவிடும். பெரும்பாலான காலைகளில் வேட்டைக்காரர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார். இந்தச் சிரமத்தையும் கணக்கில் வைத்துத்தான் சீசன் எத்தனை நாள், ஆளுக்கு எத்தனை சேவல் என்று அரசு வரம்பு போடுகிறது.

சோளத்தைக் கொட்டினால் அந்தக் கணக்கே கவிழ்ந்துவிடும். வான்கோழி தரையைக் கிளறித் தின்கிற பறவை, அதுவும் கூட்டமாக. ஒரே இடத்தில் நாலைந்து நாள் தீனி கிடைத்தால், ரேஷன் கடை திறக்கும் நேரம் தெரிந்த கூட்டம் போல வந்து நிற்கும். பெட்டைகள் சோளத்துக்கு வரும், சேவல் பெட்டைகளைத் தேடி வரும். சுடுகிறவருக்கு வித்தையும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். ஒரு சீசனில் போக வேண்டிய சேவல்கள் ஒரே வாரத்தில் போய்விடும்.

இன்னொரு சங்கதி பூஞ்சணம். ஈரத்தில் கிடக்கும் சோளத்தில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வான்கோழிக்கு அது கொஞ்சமும் ஆகாது. சொல்லப்போனால் அந்த நஞ்சை உலகம் கண்டுபிடித்ததே வான்கோழியால்தான். 1960-ல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு என்று தெரிந்தது. நம் ஊரில் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்த்து வாங்குவது சும்மா இல்லை.

இப்போது உங்களை இன்னும் குழப்பப்போகிறேன். அதே அலபாமாவில் 2019 முதல் தனியாக ஒரு லைசென்ஸ் எடுத்துக்கொண்டால், மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் சோளம் போட்டே வேட்டையாடலாம். வான்கோழிக்கு மட்டும் கூடாது. டெக்சாஸுக்குப் போனால் மாநிலத்தின் பெரும் பகுதியில் வான்கோழிக்கும் போடலாம். வான்கோழி வலசை போகாத பறவை என்பதால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகச் சட்டம் போட்டுக்கொள்கிறது. வாத்து, புறா போன்ற வலசைப் பறவைகள் மத்திய அரசின் கையில். அங்கே விதி இன்னும் கறார். தீனியை முழுக்க அள்ளி எடுத்த பிறகும் பத்து நாளைக்கு அந்த இடத்தில் சுடக்கூடாது. பறவைகள் பழகிய பழக்கத்தில் வந்துகொண்டேயிருக்கும் என்பதுதான் காரணம். பல மாநிலங்கள் வான்கோழிக்கும் இதே பத்து நாள் கணக்கை வைத்திருக்கின்றன. விதைத்து அறுத்த வயலில் தானாகச் சிந்திய தானியம் குற்றமில்லை. மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுதான் குற்றம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு முரண் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் காட்டு வான்கோழி அடியோடு அற்றுப்போயிருந்த காலம் ஒன்று இருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவந்ததே சோளம்தான். வன ஊழியர்கள் உடைத்த சோளத்தைத் தூவி, பறவைகள் குனிந்து தின்னும்போது வெடிவிசையால் வலையைப் பறக்கவிட்டு, கூட்டமாகப் பிடித்து வேறு மாநிலங்களுக்கு வண்டியேற்றினார்கள். அந்தப் பணிக்கான பணத்தில் கணிசமான பங்கு வேட்டைக்காரர்கள் கொடுத்தது. 1937-ல் வந்த சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் தனி வரி. அதனால்தான் அங்கே வரம்பு மீறுகிறவனைப் பற்றித் தகவல் சொல்வதில் மற்ற வேட்டைக்காரர்களே முன்னால் நிற்கிறார்கள். அவர்களும் சேர்ந்து வளர்த்த பறவையாயிற்றே.

அதிகாரி எப்படிப் பிடித்திருப்பார் என்று கேட்டால், பெரும்பாலும் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடிவந்திருக்க மாட்டார். சீசனுக்கு முன்பே சோளம் கிடக்கும் இடத்தைப் பார்த்து, படமெடுத்து, மாதிரியும் அள்ளிக்கொண்டு போயிருப்பார். பிறகு ஒரு நாள் இருட்டிலேயே வந்து பக்கத்துப் புதரில் உட்கார்ந்திருப்பார். சுட்ட பறவையின் தொண்டைக்குக் கீழே இருக்கும் இரைப்பையைக் கீறிப் பார்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். காட்டில் மேய்ந்த பறவையாக இருந்தால் புல், விதை, வண்டு என்று கலவையாக இருக்கும். பை நிறைய மஞ்சள் சோளமாக இருந்தால் அப்புறம் என்ன வாக்குமூலம் வேண்டும்?

உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. யாராவது வேட்டைக்குக் கூப்பிட்டால், அங்கே சமீபத்தில் தீனி கொட்டினார்களா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். "கொட்டியது நானில்லை" என்பது பல இடங்களில் எடுபடாது. இன்னொன்று, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் அந்த நாட்டில் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. நண்பருடைய துப்பாக்கியைச் சும்மா பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசையெல்லாம் வேண்டாம்.

சார், நான் தரமணியில் சட்டம் படிக்கிறேன். நம் நாட்டில் வேட்டையே தடை. அப்படியிருக்க இரை வைப்பதைத் தனியாகப் பேச வேண்டிய அவசியம் என்ன? மிருகம் எதுவும் சாகவில்லை என்றால் வழக்கு நிற்குமா?
– மாணவர், தரமணி

நிற்கும் தம்பி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 2(16)-ஐ எடுத்து இன்னொரு தடவை படியுங்கள். கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது எல்லாமே அங்கே வேட்டைதான். இவற்றுக்கான முயற்சியும் வேட்டைதான். ஒருவன் மானுக்கு இரை போட்டுவிட்டுப் பக்கத்தில் சுருக்குக் கம்பியோடு உட்கார்ந்திருந்தான் என்றால், மான் வந்ததா, மாட்டியதா என்பதெல்லாம் அடுத்த பேச்சு. வேட்டையைத் தடை செய்யும் பிரிவு 9 அந்த நிமிடமே வந்துவிடும்.

நம் ஊரில் இரைக்குப் பழைய சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் எருமைக் கன்றைக் கட்டிவைத்து, மரத்தில் பரண் போட்டு உட்கார்ந்து புலி சுட்டார்கள். 1972-க்குப் பிறகும் சில உயிரினங்களுக்கு லைசென்ஸ் வேட்டை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. 1991 திருத்தம்தான் அதைத் துடைத்தது. இன்று அங்கே அமெரிக்க அதிகாரி பார்ப்பது "சட்டப்படி வந்த வேட்டைக்காரன் வரம்பு மீறினானா" என்பதை. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வேறு சிக்கல் இருக்கிறது.

துப்பாக்கியோடு வருகிறவனைப் பிடிப்பது ஒரு வகையில் சுலபம். வெடிச் சத்தம் கேட்கும், ஹெட்லைட் வெளிச்சம் தெரியும். இரை வைக்கிறவன் அப்படியில்லை. மாலையில் ஆடு ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி வந்து, பைக் கிளட்ச் வயரில் சுருக்குப் போட்டு, கொஞ்சம் பலாச்சுளையோ உப்போ வைத்துவிட்டுப் போய்விடுவான். ராத்திரி முழுக்க வேலை செய்வது கம்பிதான். விடிந்ததும் வந்து எடுத்துப் போவான். நீங்கள் கம்பியை மட்டும் கண்டுபிடித்து எடுத்து வந்தால் கையில் இருப்பது கம்பி, ஆள் இல்லை. அதனால் விவரம் தெரிந்த வனக்காப்பாளர் சுருக்கைப் பார்த்ததும் கண்ணியை மட்டும் இறுக்கிச் செயலிழக்க வைத்துவிட்டு, கம்பியை அங்கேயே விட்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போய்ப் படுத்துக்கொள்வார். கொசுக்கடியோடு விடியும் வரை. ஆள் வந்து கம்பியில் கை வைக்கும்போதுதான் எழுந்திருப்பார்.

பிடித்ததோடு முடிவதில்லை. நீங்கள் வக்கீலாகப்போகிறீர்கள், எந்தப் பக்கம் நின்றாலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல வழக்கு உதைபடுவது மகஜரில்தான், அதாவது பறிமுதல் செய்த இடத்திலேயே சாட்சிகளை வைத்து எழுதும் பதிவில். எந்த இடம், எத்தனை மணி, எந்தப் பொருள் எந்தப் பையில், சீல் வைத்தது யார், சாட்சி யார் என்பதெல்லாம் அங்கேயே எழுதப்பட வேண்டும். அலுவலகத்துக்கு வந்து ஃபேன் காற்றில் உட்கார்ந்து எழுதிய மகஜர் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் தாங்காது. கறி கொதித்துக்கொண்டிருக்கும்போது பிடித்தால் சட்டியோடு பறிமுதல் செய்ய வேண்டும். வெந்த கறியிலும் மரபணு கிடைக்கும், வண்டலூரில் இருக்கும் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனத்தில் சோதித்துச் சொல்வார்கள். "ஆட்டுக்கறி சார்" என்று சொன்ன எத்தனையோ பேருடைய சட்டியில் புள்ளிமான் இருந்திருக்கிறது.

ஊர்க்காரர் சாட்சி பிறழ்ந்துபோவதுதான் அடுத்த தலைவலி. குற்றவாளி அவருக்கு மாமனோ மச்சானோவாக இருப்பான். இதற்குத்தான் பிரிவு 50(8): உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையில் சாட்சியத்தைப் பதிவு செய்தால், அது பின்னால் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கது. இருந்தும் இதை எல்லா வழக்கிலும் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. தண்டனையும் இப்போது லேசில்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்தில் அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல். மற்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஐயா, எங்களுக்குச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். காட்டுப்பன்றி வந்து வேர்க்கடலையை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகிறது. சித்தப்பா அவுட்டுக்காய் வைக்கப்போகிறேன் என்கிறார். "என் நிலம், என் கடலை, எவன் கேட்பான்?" என்கிறார். என்ன சொல்லித் தடுப்பது?
– வாசகர், கொளத்தூர்

தடுத்தே ஆக வேண்டும். அறிவுரையை விடுங்கள், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், அதை அப்படியே சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

தின்பண்டத்துக்குள் நாட்டுவெடியை ஒளித்துவைப்பதுதான் அவுட்டுக்காய். கடித்ததும் வெடிக்கும். ஒரு காலையில் ஓடைக் கரையில் பசுமாடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் பார்த்தால் தண்ணீர் குடிக்கக் குனிந்த மாதிரி இருந்தது. கிட்டே போனோம். கீழ்த்தாடை இரண்டாகப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது, நாக்கைக் காணோம். தண்ணீரில் வாயை வைக்கும், உறிஞ்ச முடியாது, மறுபடி வைக்கும். உயிர் போகவில்லை. மாட்டுக்காரம்மா கன்றையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வெடி வைத்தவன் குறிவைத்தது பன்றிக்கு. எது வந்து கடிக்கும் என்று வைத்தவனுக்கே தெரியாது. நாய் கடிக்கலாம், ஆட்டுக்காரப் பையன் கையில் எடுத்துப் பார்க்கலாம். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வாய் வெடித்துச் சிதைந்த கர்ப்பிணி யானை ஒன்று வெள்ளியாற்றுத் தண்ணீரில் இறங்கி, நின்ற நிலையிலேயே செத்தது. நாடே கொதித்தது, ஞாபகம் இருக்கும்.

"என் நிலம்" என்ற பேச்சும் எடுபடாது. நிலம் சித்தப்பாவுடையது, பன்றி அவருடையதில்லை. பிரிவு 39 படி வேட்டையாடப்பட்ட வன உயிரினம் அரசின் சொத்து. வன உயிரினச் சட்டத்தோடு 1908-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் சேரும். அதில் போலீஸ் நேரடியாக உள்ளே வரும், ஜாமீன் சுலபத்தில் வராது.

சரி, பன்றிக்கு வழி என்ன? விவசாயி வயிற்றெரிச்சலை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். கடன் வாங்கி விதைத்தது, ஒரே ராத்திரியில் மண்ணாகப் போனால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஒரு ஏற்பாடு செய்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் என்றால் சுடலாம். சுடுவது வனத்துறை ஆட்கள், நாமில்லை. கிராமத்தில் மனு எழுதி, வி.ஏ.ஓ. சான்றோடு சரக அலுவலகத்தில் கொடுங்கள். சேதமான பயிருக்கு இழப்பீடும் கேட்கலாம். பன்றி போன மறுநாளே படம் எடுத்து வையுங்கள், கொத்திக் கிளறிய நிலத்தை உழுதுவிட்டு வந்து இழப்பீடு கேட்டால் யார் நம்புவார்கள்? மனு தாமதமாகிறது என்று நீங்கள் திட்டினால் நான் குறுக்கே வரமாட்டேன், தாமதமாகத்தான் ஆகிறது. அதற்காக வெடி வைக்க முடியாது.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய அடுக்குமாடியில் இருக்கிறோம். விடியற்காலையில் சிலர் தண்ணீரோரம் வலையோடு நிற்பதைப் பால்கனியிலிருந்து பார்க்கிறேன். ஒரு கொக்கைக் குச்சியில் கட்டி வைத்திருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, பெரும்பாக்கம்

நீங்கள் பார்த்தது இரையின் இன்னொரு வடிவம். தானியத்துக்குப் பதில் உயிருள்ள பறவை. மடையான் என்கிற குளத்துக் கொக்கையோ வேறு கொக்கையோ பிடித்துக் கட்டிவைத்தால், ஆகாயத்தில் போகிறவை "இங்கே மீன் கிடைக்கிறது, ஆபத்தில்லை" என்று நம்பி இறங்கும். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரி ஒன்றில் பறிமுதல் செய்த மடையானைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன், மேலிமையையும் கீழிமையையும் சேர்த்துக் கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள். கண் தெரியாவிட்டால் படபடவென்று அடித்துக்கொள்ளாது, அமைதியாக நிற்கும் என்பதற்காக. கால்நடை மருத்துவர் சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டி எடுத்தார். அமெரிக்காவில் பிளாஸ்டிக் பெட்டைக் கோழியை நிறுத்திவைத்து வான்கோழியை ஏமாற்றுவதைப் பெரும்பாலான இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது. நம் ஊர்ப் பொம்மைக்கு உயிர் இருக்கிறது.

பள்ளிக்கரணையில் சதுப்பின் ஒரு பகுதி 2007-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே வலை வீசுவதற்கு எவருக்கும் உரிமை கிடையாது. ஆனால் நீங்கள் இறங்கிப் போய்ச் சண்டை போட வேண்டாம். பால்கனியிலிருந்தே படம் எடுங்கள், நேரமும் தேதியும் பதிவாகட்டும். வண்டி நம்பர் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. சென்னை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் யாரும் எடுக்கவில்லை என்றால் 112-ஐக் கூப்பிடுங்கள். "இது ஃபாரஸ்ட் கேஸ்மா" என்று போலீஸ் தட்டிக்கழித்தால், பிரிவு 50 படி சப்-இன்ஸ்பெக்டரும் சோதனை போடலாம், கைது செய்யலாம் என்று மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். ஆட்கள் ஓடிவிட்டால் வலையையோ செத்த பறவையையோ தொடாதீர்கள். சில இடங்களில் தானியத்தில் பூச்சிமருந்து கலந்திருப்பார்கள், அதைத் தின்ற பறவையைத் தொட்டுவிட்டு முகத்தைத் துடைத்தால் உங்களுக்கே ஆபத்து.

நடவடிக்கையே இல்லை என்றால் கடைசி வழி ஒன்று உண்டு. பிரிவு 55 படி, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம்.

நன்மங்கலம் காட்டில் கொம்பன் ஆந்தை படம் எடுக்கப் போகிறோம். கூட வருகிற ஒருவர் வெள்ளெலியை விட்டு ஆந்தையை வரவழைக்கலாம் என்கிறார். நாங்கள் ஒன்றும் கொல்லப்போவதில்லையே?
– புகைப்பட ஆர்வலர், மடிப்பாக்கம்

வேண்டாம். கேமராவில் ஆந்தை இறக்கையை விரித்து நேராக உங்களைப் பார்த்து வரும், படத்துக்கு லைக் குவியும், ஒத்துக்கொள்கிறேன். அதே ஆந்தை, மனிதன் நிற்கிற இடத்தில் எலி கிடைக்கும் என்று பழகிவிடும். அடுத்த வாரம் கேமரா இல்லாத ஒருவன் எலியோடு வருவான். ஆந்தையை மாந்திரீகத்துக்கு விற்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது. தவிர, காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போய் இரை காட்டி இழுப்பவரிடம் "நாங்கள் கொல்லவில்லை" என்ற வாதத்தை வனவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். செல்போனில் பறவைக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டு வரவழைப்பதும் எனக்குப் பிடிக்காது, குறிப்பாகக் கூடு கட்டும் பருவத்தில். முட்டையை விட்டுவிட்டு எதிரியைத் தேடி வந்து நிற்கும்.

எங்கள் மாடியில் தினமும் கிளிகளுக்கு ஊறவைத்த அரிசி வைக்கிறேன். உங்கள் கணக்கில் நானும் இரை வைக்கிறவளா?
– வாசகி, திருவல்லிக்கேணி

பிடிக்கும் எண்ணம் இல்லாதவரை இல்லை அம்மா, பயப்படாதீர்கள். தட்டைத் தினமும் கழுவி வையுங்கள், எச்சத்தோடு கலந்த பழைய அரிசியில் நோய் பரவும். உங்கள் மாடிக்குக் கிளி வருவது தெரிந்து யாராவது பக்கத்து மாடியில் வலை கட்டுகிறார்களா என்று ஒரு கண் வைத்திருங்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். ஜோடி இவ்வளவு என்று கூவி விற்கிறவர்களிடம் பரிதாபப்பட்டு வாங்கிப் பறக்கவிடுகிறவர்கள் உண்டு. நல்ல மனசுதான், ஆனால் அந்தப் பணத்தில் மறுநாள் இரண்டு ஜோடி வரும்.

தகவல் கொடுத்தால் பரிசு உண்டா? பெயர் வெளியே தெரியுமா?
– வாசகர், எண்ணூர்

உண்டு. பிரிவு 60A படி, அபராதத்தில் பாதி வரை துப்புக் கொடுத்தவருக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கு முடிய வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும். பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். நல்ல அதிகாரி துப்புச் சொன்னவரின் பெயரை டைரியில்கூட எழுதமாட்டார்.

வீட்டுக் கொல்லையில் வான்கோழி வளர்க்கிறேன். இதற்கு வனத்துறை அனுமதி வேண்டுமா?
– வாசகர், ரெட்ஹில்ஸ்

வேண்டாம். பண்ணை வான்கோழி வீட்டுப் பறவை, நம் வன உயிரினச் சட்டம் அதைத் தொடாது. தாராளமாக வளருங்கள், விற்கலாம், பிரியாணியும் போடலாம். ஆனால் கறிக்கடையில் யாராவது "ஒரிஜினல் காட்டுக் கவுதாரி இருக்கு சார்" என்று காதோரம் சொன்னால் வாங்காதீர்கள். வைத்திருப்பது நிரூபணமானால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பிரிவு 57 படி உங்கள் தலையில்தான் விழும். தீவனச் சோளத்தை மட்டும் ஈரம் படாமல் வையுங்கள்.